போலீஸ் ஜாபிதாவில் ஒரு கத்தோலிக்க மாது



1941-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க நாட்டின் ரகசியப் போலீஸ் இலாகாவாகிய எப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவர் ஒரு பெண்மணியின் பெயரைக் குறித்துச் சிபாரிசு எழுதினார். தேசத்துக்கு அவசர நிலைமை நேரிட்டால் பிடித்துக் காவலில் வைக்க வேண்டியவர்களுக்கென்று ஒரு ஜாபிதா இருந்தது. அதில் அவரையும் சேர்க்கலாமென்பது அந்தச் சிபாரிசு. அவர் அப்பொழுது என்ன குற்றம் செய்துகொண்டிருந்தாரென்று கேட்பீர்கள். நியூயார்க் நகரில், மாட் தெருவிலிருந்த ஒரு பழைய வீட்டில், வேலையற்றவர்களுக்குக் காப்பியும் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார். நாள்தோறும் பூசை கண்டு நன்மை வாங்குவார். ஒரு சிறு பத்திரிகையும் நடத்தி வந்தார். அந்தப் பத்திரிகைதான் ஹூவரின் கண்ணை உறுத்தியது.

அவர் பெயர் டாரதி டே. 1897 நவம்பர் 8-ந் தேதி புரூக்ளினில் பிறந்தார். தகப்பனார் பத்திரிகைக்காரர், வீட்டில் பக்தி என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்டு, பொதுவுடைமைப் பேச்சில் மயங்கிய வாலிபர் கூட்டத்தோடு சேர்ந்து பத்திரிகைகளில் எழுதினார். அவர் வேலை செய்த பத்திரிகை ஒன்றை, முதல் மகா யுத்தத்துக்கு விரோதமாய் எழுதியதற்காக, 1917-ல் சர்க்கார் தபாலில் செல்லவொட்டாமல் தடுத்து ஒழித்தது. அதே வருஷம் பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டு வெள்ளை மாளிகை முன் நின்றதற்காகச் சிறைக்குப் போனார். அங்கே உண்ணாவிரதமிருந்தார். அந்த நாட்களில் சிறையில் கேட்டு வாங்கி வாசித்தது வேதாகமம். சங்கீதங்கள் அவர் மனதைத் தொட்டன.

பின்வந்த வருஷங்களை மறைத்து எழுதுவது நியாயமாகாது. கர்ப்பத்திலிருந்த சிசுவை அழித்துக்கொண்ட பெரும் பாவத்துக்கும் அவர் உட்பட்டார். அதற்காக ஆழ்ந்து மனஸ்தாபப்பட்டார். பிறகு, விவாகமின்றி ஒரு நாஸ்திகரோடு கடற்கரையோரம் வாழ்ந்த காலத்தில், தாமார் தெரேசா என்ற பெண் குழந்தை பிறந்தது. இந்தக் குழந்தை என்னைப்போல் தடுமாறக் கூடாது என்று எண்ணி, ஒரு கன்னியாஸ்திரீயிடம் போய் ஞானோபதேசம் கேட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தாமும் பெற்றுக்கொள்ள வேண்டுமானால் அந்த மனிதரைப் பிரிய வேண்டும். அவர் கோவிலில் விவாகம் செய்ய இணங்கவில்லை. அம்மாள் அவரை உண்மையாய் நேசித்தார். ஆயினும் 1927 டிசம்பர் 28-ந் தேதி, ஸ்டேட்டன் தீவில் சகாய மாதா கோவிலில், ஞானஸ்நானம் பெற்றார். வாசிக்கிற தாய்மாருக்கு அதன் வலி புரியும்.

1932-ம் வருஷம் அமலோற்பவ மாதா திருநாளன்று, வாஷிங்டனிலிருக்கும் மாதா தேவாலயத்தில் முழங்காலிலிருந்து, ஏழைகளுக்காகத் தமக்கு ஒரு வழி காட்டும்படி கண்ணீரோடு மன்றாடினார். வீடு திரும்பிச் சில நாட்களுக்குள் பீட்டர் மோரின் என்ற பிரஞ்சுக் குடியானவர் அவரைத் தேடி வந்தார். 1933 மே மாதம் முதல் தேதி இருவருமாய்க் கத்தோலிக்கத் தொழிலாளி என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். விலை ஒரு சென்ட். பத்திரிகையோடு அன்ன சத்திரமும், அதோடு தங்கும் வீடும் வந்தன. சில வருஷங்களில் லட்சத்துக்கு மேல் பிரதிகள் விற்றன.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கினபோது, தேசமே யுத்த வெறி கொண்டது. டாரதி அம்மாளோ, எந்த யுத்தத்திலும் தமது பத்திரிகை சேராதென்று எழுதினார். வாசகர்கள் விலகினார்கள், உடன் உழைத்தவர்களும் விலகினார்கள், வீடுகள் பல மூடப்பட்டன. மேற்குக் கரையோரத்தில் ஜப்பானிய வம்சத்தாரான லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை, விசாரணையின்றி முட்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். 1942-லேயே அது அநியாயமென்று எழுதினவர்களில் இவர் ஒருவர். அந்தச் சர்க்கார் தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 1988-ல்.

அம்மாள் சொன்னதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்ளுகிறேன் என்று எண்ணாதீர்கள். நியாயமான யுத்தமென ஒன்று உண்டு என்பதை நம் வேதபாரகர்கள் போதித்திருக்கிறார்கள். ஹிட்லரை எப்படித் தடுத்திருப்பது என்ற கேள்விக்கு அம்மாளின் மறுமொழி எனக்குப் போதவில்லை. ஆனால் ஒருவர் சொல்வது தப்பானாலும், அதற்காக அவரை வேவு பார்ப்பதா? ஹூவரின் அந்த ஜாபிதாவை 1943-ல் சட்ட மந்திரி நிறுத்தச் சொன்னார். ஹூவர் பெயரை மட்டும் மாற்றி அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்! டாரதி அம்மாள் பேரில் சேர்ந்த காகிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்தபோது ஐந்நூறு பக்கத்துக்கு மேலிருந்தன.

யுத்தம் முடிந்தும் அவருக்கு ஓய்வில்லை. 1955 முதல் நியூயார்க் நகரில் வருஷத்துக்கொருமுறை அணுகுண்டு ஒத்திகை நடந்தது. சங்கு ஊதினவுடன் எல்லாரும் பதுங்கிடம் புக வேண்டும், புகாதவர் குற்றவாளி. ஹைட்ரஜன் குண்டுக்குத் தப்பப் பதுங்கிடம் உண்டென்று ஜனங்களை நம்பவைப்பது பொய் என்றார் அம்மாள். ஹிரோஷிமாவுக்குப் பரிகாரமாகவும் ஏதேனும் செய்ய நினைத்தார். ஆகவே சங்கு ஊதுகையில் சில தோழர்களோடு நகர மண்டபத்தின் எதிரேயிருந்த தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த காரியம். பலமுறை கைதானார். 1957-ல் முப்பது நாள் தண்டனை கிடைத்தது. வேசிகளும் போதை மருந்துக்கு அடிமைப்பட்டவர்களும் அடைபட்ட பெண்கள் சிறையில் அதை அனுபவித்தார். முதல் வருஷம் அவரோடு உட்கார்ந்தவர் முப்பது பேர்கூட இல்லை. பிறகு நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1961-க்குப் பின் ஒத்திகையே நின்றுபோயிற்று.

அந்த 1961-லேதான் அமெரிக்க உளவு இலாகாவாகிய சி.ஐ.ஏ. ஆயுதம் கொடுத்துப் பயிற்றுவித்த கூட்டமொன்று கியூபா தீவில் இறங்கித் தோற்றது. மறுவருஷம் செப்டம்பரில் அம்மாள் கப்பலேறி அங்கே போய், ஏழைகள் எப்படியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். கத்தோலிக்கர் பலருக்கே அது பிடிக்கவில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு இவர் துணைபோகிறாரென்றார்கள். கம்யூனிஸ்டுகளின் நாஸ்திகத்தை இவர் ஒருநாளும் ஒப்பவில்லை. ஆனால் அபிப்பிராயத்துக்காக அவர்களைச் சிறையிலடைப்பதையும் ஒப்பவில்லை.

திருச்சபைக்கோ அவர் கீழ்ப்படிந்த மகள். அதுவும் சுலபமாயிருக்கவில்லை. 1949-ல் நியூயார்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் குழிவெட்டிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கர்தினால் ஸ்பெல்மன் குருமட மாணவரைக் கொண்டு குழி தோண்டுவித்தார். அம்மாள் தொழிலாளர் பக்கம் நின்றார். 1951-ல் பத்திரிகையின் பெயரிலிருந்து கத்தோலிக்கு என்ற சொல்லை எடுத்துவிடும்படி மேற்றிராசனத்தார் கேட்டார்கள். அவர் மரியாதையாகக் கடிதம் எழுதினார். பெயர் அப்படியே நின்றது.

1965-ல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியிருக்கையில், ரோமாபுரியில் வேறு சில மாதர்களோடு பத்து நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசமிருந்தார். அந்த டிசம்பரில், நகரங்களை ஜனங்களோடு அழிப்பது சர்வேசுரனுக்கு விரோதமான பாதகமென்று பொதுச்சங்கம் கண்டித்தது. மனச்சாட்சியினிமித்தம் ஆயுதமெடுக்க மறுப்பவர்களுக்குச் சட்டம் இடங்கொடுக்க வேண்டுமென்றும் சொல்லிற்று.

1972-ல் வரி இலாகா, பாக்கியும் அபராதமுமாகச் சுமார் மூன்று லட்சம் டாலர் கேட்டது. கஞ்சி காய்ச்சும் வீட்டில் அவ்வளவு பணம் எங்கே? பத்திரிகைகள் எழுதவே, அதே வருஷம் இலாகா பின்வாங்கியது. 1973-ல், எழுபத்தைந்து வயதில், கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டக் கூலிகளுக்காக மறுபடி சிறை.

1975-ல் பிராங்க் சர்ச் என்ற செனட்டர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. உளவு இலாகாக்கள் ஜனங்களின் கடிதங்களைத் திருட்டுத்தனமாய்ப் பிரித்துப் படித்ததும், மார்ட்டின் லூதர் கிங் என்ற நீக்ரோ போதகரின் டெலிபோனை ஒட்டுக்கேட்டு அவரைக் கெடுக்க முயன்றதும் அப்போது அம்பலமாயின.

டாரதி அம்மாள் 1980 நவம்பர் 29-ந் தேதி, தாம் நடத்திய வீடொன்றில், ஏழைப் பெண்கள் நடுவில் மரித்தார். உடலைக் கோவில் வாசலிலே எதிர்கொண்டு ஆசீர்வதித்தவர் கர்தினால் குக். 2000-ம் வருஷத்தில் அவரை முத்திப்பேறுபெற்றவராக்கும் விசாரணை தொடங்கிற்று. 2015 செப்டம்பர் 24-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அமெரிக்கப் பாராளுமன்றத்தில் பேசுகையில், அந்நாட்டார் நினைவில் வைக்கத்தக்கவர்களென்று நான்கு பேரைச் சொன்னார். அவர்களில் ஒருவர் டாரதி டே, மற்றொருவர் கிங்.