யூஜின் போர்டோன் யார்? ரேஸ் காரின் ஃப்யூயல் பிரஷர் கேஜுக்குள் இருக்கும் பாரிஸ்காரரின் கதை

பண்ருட்டியைத் தாண்டி வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரிக்குப் பேர் போன பகுதி. கொட்டையை உடைப்பதற்கு முன்னால் நீராவியில் வேக வைக்க வேண்டும். அதற்கென்று சின்ன பாய்லர் வைத்திருக்கும் பட்டறைகள் இந்தப் பக்கம் உண்டு. அந்த பாய்லரின் நெற்றியில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரே ஒரு முள்.

இப்போது கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, சில வினாடிகளில் கடக்கும் டிராக் ரேஸ் காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் லைனிலும் அதே வட்டம், அதே முள். ஒன்று நீராவி, இன்னொன்று பெட்ரோல். ஆனால் இரண்டு மீட்டருக்குள்ளும் வேலை செய்வது ஒரே மாதிரியான வளைந்த குழாய்தான். நம்ம ஊர் மெக்கானிக்குகளும் பாலிடெக்னிக் மாணவர்களும் அதை போர்டன் டியூப் என்பார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யூஜின் போர்டோன்.

பட்டு வியாபாரி மகன்

1808 ஏப்ரல் 8 அன்று பாரிஸில் பிறந்தவர். அப்பா பட்டு வியாபாரி. மகனும் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டு ஆசை. ஜெர்மன் மொழி கற்க நியூரம்பெர்க் நகருக்கும் அனுப்பி வைத்தார்கள். பையனுக்கோ மனசெல்லாம் இயந்திரங்கள் மேல். அப்பா காலமான பிறகு பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு, கருவிகள் செய்யும் தொழிலில் இறங்கினார்.

1832-ல் அவர் செய்த ஒரு பொருள் பலரது கவனத்தை ஈர்த்தது. கண்ணாடி சிலிண்டர் வைத்த நீராவி இன்ஜின் மாதிரி அது. உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போவதை நேராகவே பார்க்கலாம். பாடம் நடத்துவதற்கு இதைவிட நல்ல சாதனம் கிடையாது. 1835-ல் பாரிஸிலேயே சொந்தப் பட்டறை போட்டார். பாடம் நடத்தப் பயன்படும் இத்தகைய சின்ன இன்ஜின்களை நிறைய செய்து கொடுத்தார்.

அப்போது என்ன பிரச்சினை?

அந்தக் காலத்தில் பாய்லருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதைப் பார்க்க நம்பகமான வழி பாதரசக் குழாய்தான். வளிமண்டல அழுத்தம் ஒன்றுக்கு பாதரசம் 760 மில்லிமீட்டர் உயரும். ஏழு மடங்கு அழுத்தத்தில் ஓடும் ரயில் இன்ஜினுக்கு கணக்குப் போட்டால், ஐந்து மீட்டருக்கு மேல் கண்ணாடிக் குழாய் நிற்க வேண்டும். ஓடுகிற ரயிலில் அதை எங்கே நிறுத்துவது? பாலத்துக்கு அடியில் எப்படிப் போவது? சேஃப்டி வால்வு இருந்தது உண்மைதான். ஆனால் வேகம் கூட்டுவதற்காக அதன் மேல் எடை ஏற்றி வைக்கிற ஆட்களும் இருந்தார்கள். பாய்லர்கள் வெடித்தன, ஆட்கள் செத்தார்கள்.

நெளிந்துபோன சுருள்

போர்டோன் பட்டறையில் நீராவி இன்ஜினுக்காக ஒரு குழாயைச் சுருளாக வளைத்துக்கொண்டிருந்தார்கள். வளைக்கும்போது குழாய் நசுங்கித் தட்டையாகிவிட்டது. தூக்கிப் போடாமல், ஒரு முனையை அடைத்து மறு முனை வழியாகத் தண்ணீரை அழுத்தமாக ஏற்றினார். உள்ளிருந்து தள்ளினால் நசுங்கிய இடம் உப்பிவிடும் என்பது எண்ணம். உப்பவும் செய்தது. கூடவே எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சுருள் தானாகவே பிரிந்து நிமிர ஆரம்பித்தது.

இது ஏன் நடக்கிறது என்பதை நம்ம விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் சுருட்டிப் போட்டிருக்கும் தட்டையான தண்ணீர் ஹோஸை நினைத்துப் பாருங்கள். மோட்டார் போட்டதும் ஹோஸ் உருண்டையாகும், வளைந்து கிடந்தது நெளிந்துகொண்டே நிமிரும். திருவிழாவில் குழந்தைகள் ஊதும், நாக்கை நீட்டும் பீப்பியும் ஏறக்குறைய இதே கதைதான்.

மற்றவர்களாக இருந்தால் குழாய் வீணாகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். போர்டோன் அந்த நிமிர்வை அளக்க முடியுமா என்று பார்த்தார். அழுத்தம் கூடக் கூட நிமிர்வும் சீராகக் கூடியது. அழுத்தத்தை எடுத்தால் குழாய் பழைய இடத்துக்கே திரும்பியது. அப்புறம் என்ன, தட்டையான குழாயைக் கேள்விக்குறி மாதிரி வளைத்து, ஒரு முனையை மூடி, அந்த முனையில் சின்ன நெம்புகோலைக் கோத்து முள்ளோடு இணைத்தார். பின்னாளில் நெம்புகோலோடு பற்சக்கரங்களும் சேர்ந்தன. குழாயின் முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். முள் முக்கால் வட்டம் சுற்றும்.

1849-ல் காப்புரிமை வாங்கினார். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. பிரான்ஸ் அரசும் லெஜியன் விருது கொடுத்து கௌரவித்தது. அடுத்த ஆண்டே எட்வர்ட் ஆஷ்கிராஃப்ட் என்ற அமெரிக்கர் தன் நாட்டுக்கான உரிமையை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. பாதரசம் இல்லாத காற்றழுத்தமானியை அதற்கு முன்பே உருவாக்கியிருந்த லூசியன் விடி என்பவர், இது என் யோசனையின் நகல் என்று கோர்ட்டுக்குப் போனார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் தீர்ப்பு விடி பக்கம் வந்தது. விடி பயன்படுத்தியது காற்று வெளியேற்றிய உலோகப் பெட்டி, போர்டோனுடையது வளைந்த குழாய். இரண்டும் வேறு வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை.

நம்ம நாட்டில்

காப்புரிமை வாங்கிய ஏழே ஆண்டில், 1856-ல், ராயபுரத்தில் இருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்து உயிர்கள் போன பிறகுதான், மறு ஆண்டு வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-ல் வந்தது. முள் காட்டும் கேஜ் இல்லாமல் பாய்லர் ஓட்டக்கூடாது என்ற நிலை அப்படித்தான் உருவானது.

சரி, ரேஸ் காருக்கு இது எதுக்கு?

டிராக் ரேஸில் இன்ஜின் முழு மூச்சோடு ஓடுவது சில வினாடிகள்தான். அந்த வினாடிகளில் பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் இன்ஜினுக்குள் காற்று கூடி எரிபொருள் குறையும், வெப்பம் ஏறும், பிஸ்டன் உருகியே போகும். ஓட்டுநருக்கு வண்டி இழுக்கவில்லை என்று தெரிவதற்குள் லட்ச ரூபாய் இன்ஜின் போய்விடும். பம்ப் போதவில்லையா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதை முதலில் சொல்வது போர்டோன் முள்தான்.

கேஜ் வாங்கும்போது பெரிய எண் இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. பழைய கார்பரேட்டர் வண்டிக்குத் தேவை ஏறக்குறைய 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அதற்கு 15 வரை காட்டும் கேஜ் போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெரும்பாலும் 40 முதல் 60 பி.எஸ்.ஐ ஓடும். அதற்கு 100 வரை காட்டுவது வேண்டும். 100 கேஜை கார்பரேட்டரில் மாட்டினால் முள் ஓரத்திலேயே கிடக்கும், 5-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது. 15 கேஜை இன்ஜெக்ஷனில் மாட்டினால் குழாய் நிமிர்ந்து கெட்டுப்போகும். வழக்கமான அழுத்தம் டயலின் நடுவில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜில் அதிர்வு இருந்தாலும் முள் ஆடாது, பார்க்க வசதி. ஆனால் பானெட்டுக்குள் சூடு ஏறும்போது அந்தத் திரவமும் விரிந்து குழாயை வெளியிலிருந்து அழுத்தும். முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கார்பரேட்டர் வண்டியில் ஓரிரு பி.எஸ்.ஐ பிசகினாலே செட்டிங் தப்பாகிவிடும். ஆகவே காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் கேஜ் ஆறிய பிறகு பார்க்க வேண்டும்.

மாட்டும் இடம் ஃபில்டருக்குப் பிறகு, ரெகுலேட்டருக்கோ இன்ஜெக்டர் குழாய்க்கோ பக்கத்தில். மரையில் பெட்ரோல் தாங்கும் பசை போடலாம். டேப் சுற்றினால் துணுக்கு உதிர்ந்து இன்ஜெக்டரை அடைக்கும். இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமல் பம்பை மட்டும் ஓட விட்டு ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பார்க்க வேண்டும்.

இன்னொன்றில் சமரசமே கூடாது. டேஷ்போர்டில் முள் தெரிய வேண்டும் என்பதற்காக பெட்ரோல் குழாயை ஓட்டுநர் அறைக்குள் இழுக்கக் கூடாது. அந்தச் சின்னக் குழாய் ஒரு இடத்தில் விட்டால் மடியில் பெட்ரோல் தெறிக்கும். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சென்சார் வைத்து ஒயர் மட்டும் இழுக்கும் மின் கேஜ்தான் வழி. இது போர்டோன் குழாய் இல்லாத கேஜ் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம்.

கடைசி ஆண்டுகள்

1872-ல் போர்டோன் தொழிலை மகன் எடுவார்டிடம் ஒப்படைத்தார். ஓய்வு என்று உட்காரவில்லை. புதுப் புதுக் கருவிகளைச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்து, 1884 செப்டம்பர் 29 அன்று அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 76.