ஜிம் கார்பெட் துரையின் வேட்டை தருமம்

குமாவுன் மலைநாட்டு நைனிதாலில் 1875-ஆம் வருஷம் பிறந்த ஜிம் கார்பெட் துரையின் சரித்திரம் நம் குடும்பத்துச் சிறுவர் அறியத்தக்கது.

பாலியத்தில் அவருக்குக் கிடைத்தது, குழல்வாய்வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் பிளந்தது. ஆகவே ஒரே வேட்டுத்தான். குறி தவறினால், மறுபடி மருந்திட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்பதற்குள், காயம்பட்ட பிராணி புதரில் மறைந்து துடித்துக் கிடக்கும். நிச்சயமின்றிச் சுடலாகாதென்பதை அத்துப்பாக்கியே அவருக்குப் போதித்தது என்போம்.

1907-இல் அவர் சம்பாவத்தில் வீழ்த்திய பெண்புலி, 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயற்கை இரையைப் பிடிக்கவியலாமையால் அது மனிதரை நாடிற்றென்று அவர் கண்டார். எவரோ அரைகுறையாகச் சுட்டதன் பலனை ஏழைக் கிராமத்தார் அனுபவித்தனர்!

பிற்காலத்தில் அவர் புலிகளைப் படம்பிடிப்பதிலேயே பெரிதும் ஈடுபட்டு, 1936-இல் வனவிலங்குப் பூங்கா அமையவும் உதவினார். 1955-இல் கென்யாவில் காலமானார். பின்னர் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது.

1972-ஆம் வருஷச் சட்டத்தால் நம் தேசத்தில் வேட்டை பெரும்பாலும் விலக்கப்பட்டது. ஆயினும், முடிக்கும் வல்லமையைச் சோதியாது பிறவுயிர்மேல் கைவைக்கலாகாதென்னும் தருமம் நமக்கு என்றும் உரியதே.