சர் சாமுவேல் ராமில்லி

நாடு பிடித்த வேந்தர்களையும் போர் வென்ற தலைவர்களையும் வரலாறு பாராட்டிப் பேசுகின்றது. சட்டப் புத்தகத்திலுள்ள ஒரு சில கொடிய வரிகளை நீக்குவதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டோரை அஃது அத்துணை பாராட்டுவதில்லை. அத்தகையோருள் தலைசிறந்தவர் ஆங்கில நாட்டுச் சட்டவல்லுநராகிய சர் சாமுவேல் ராமில்லி ஆவர். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ராமில்லி 1757-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள் லண்டன் மாநகரின் சோஹோப் பகுதியில் பிறந்தார். அவர்தம் முன்னோர் பிரெஞ்சு நாட்டுப் புராட்டஸ்டண்டார். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த கட்டளையை நீக்கினான். அதன் பின்னர், ராமில்லியின் பாட்டனார் மோண்ட்பெல்லியே நகரிலிருந்த தம் உடைமைகளைத் துறந்து இங்கிலாந்து போந்தார். தந்தையார் கடிகாரமும் நகையும் விற்கும் வணிகர். இளைஞர் ராமில்லி பள்ளியிற் பெற்ற கல்வி சிறிதே; இலத்தீன் முதலியவற்றைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். 1783-இல் வழக்கறிஞரானார், சில ஆண்டுகளிற் பெரும்பொருளும் பெரும்புகழும் ஈட்டினார்.

அக்காலத்து ஆங்கிலச் சட்டம் எத்தகையது என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். ஏறக்குறைய 200 குற்றங்களுக்கு மரணமே தண்டனை. கடையில் ஐந்து ஷில்லிங்குப் பொருளை மறைவாய்த் திருடினவன் தூக்கிலிடப்படலாம். இது 1699-இல் எழுந்த சட்டம். குடியிருக்கும் வீட்டில் நாற்பது ஷில்லிங்குத் திருடினவனுக்கும் அதுவே கதி. பிறர் பையிலிருந்து முடிச்சவிழ்த்தவனுக்கோ எலிசபெத்து அரசியின் காலமுதல் மரணம் விதிக்கப்பட்டிருந்தது. இவருள் ஒருவனும் பிறர்மீது கைவைத்தவன் அல்லன் என்பது கருதத்தக்கது.

இக்கொடுமைக்குப் பழைய வழக்கமொன்று ஓரளவு தடையாய் இருந்தது. திருச்சபைக் குருமாருக்கு அரசன் நீதிமன்றம் மரணம் விதித்தலாகாது என்னும் சலுகை, காலப்போக்கில் எழுத்தறிந்தார் அனைவர்க்கும் உரியதாயிற்று. குற்றவாளி 51-ஆம் சங்கீதத்தின் ஒரு வசனத்தைப் படித்துக் காட்டி உயிர் தப்பலாம். ஆயின் குருவல்லாதான் இச்சலுகையை ஒரு முறையே பெறலாகும். அவனை அடையாளங்காணக் கட்டைவிரலிற் சூடு போடுவர். அவ்வடு உடையவன் மீண்டும் அகப்பட்டால் தூக்குமரமே. பின்னர் வந்த பார்லிமெண்டுகள் களவின் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் முறைக்கும் இச்சலுகை இல்லையென விதித்தன. இங்ஙனமே மரணச் சட்டங்கள் பெருகின.

1785-இல் மடான் என்னும் போதகர் ஒருவர், இச்சட்டங்களைத் தளர்வின்றி நிறைவேற்றுதல் வேண்டும் என ஒரு நூல் எழுதினார். லண்டனில் 1783-இல் 51 பேர் தூக்கிலிடப்பட்டனர். 1785-இல் அத்தொகை 97 ஆயிற்று. இதனைக் கண்டு உளம் நொந்த ராமில்லி, மறுவருடமே அந்நூலுக்கு மறுப்பு எழுதி வெளியிட்டார். தண்டனையின் கடுமை குற்றத்தைத் தடுப்பதில்லை. தண்டனை தப்பாது வரும் என்னும் உறுதியே தடுக்கும் என்பது அவர் கொள்கை.

1806-இல் அவர் சொலிசிட்டர் ஜெனரலாகிப் பார்லிமெண்டில் இடம்பெற்றார். மறு ஆண்டில் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதாவை ஆதரித்து அவர் வில்பர்போர்சைப் புகழ்ந்துரைத்தபோது, சபையோர் மனங்கசிந்தனர். 1808-இல் முடிச்சவிழ்ப்போருக்குரிய மரணதண்டனையை நீக்கும் மசோதாவை நிறைவேற்றினார். அதன்பின் அக்குற்றத்திற்கான வழக்குகள் மிகுந்தன. களவு பெருகிற்று எனப் பகைவர் தூற்றினர். முன்பு தம் பொருள் போனதற்காக ஓர் உயிரைப் பலிகொடுக்க அஞ்சிப் புகார் செய்யாதிருந்தோர் இப்பொழுது அச்சமின்றி முன்வருகின்றனர் என அவர் விடையிறுத்தார்.

1810-இல் கடைக்களவு பற்றிய மசோதாவைக் கொணர்ந்தார். 1802 முதல் 1808 முடிய லண்டனிலும் மிடில்செக்சிலும் கடைக்களவுக்காகவும் வீட்டுக்களவுக்காகவும் சிறைப்பட்டோர் 1,872 பேர். அவருள் தூக்கிலிடப்பட்டவர் ஒருவரே என எடுத்துக்காட்டினார். ஏனையோர் தப்பியது எவ்வாறு? இரக்கமுள்ள ஜூரிகள், மிக்க விலையுள்ள பொருளையும் நான்கு ஷில்லிங்குப் பத்துப் பென்னி பெறும் எனச் சத்தியத்தின்மீது பொய் கூறினர். நல்லோரைப் பொய்யராக்கியும், கள்வர் உயிரைச் சூதாட்டப் பொருளாக்கியும் நின்ற சட்டத்தை நீதி என்பது யாங்ஙனம்?

பொதுமக்கள் சபை மசோதாவை ஏற்றது. பிரபுக்கள் சபையிலோ பிரதம நீதிபதி எல்லன்பரோ பிரபு வெகுண்டெழுந்தார். இச்சட்டம் போனால் எவனும் தன் உடைமையை நம்பி வீட்டைவிட்டு வெளியேறல் இயலாது என்றார். நாடுகடத்தலைக் கள்வர் கோடைகால உல்லாசப் பயணமாகவே கொள்வர் என எள்ளினார். மே மாதம் 30-ஆம் நாள் 31 பேர் எதிர்த்தும் 11 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, மசோதா வீழ்ந்தது. எதிர்த்தோருள் கண்டர்பரி பிரதம அத்தியட்சர் உள்ளிட்ட எழுவர் திருச்சபையின் அத்தியட்சர்கள்!

இதனை எழுதுங்கால் கிறிஸ்தவராகிய நாம் தலைகுனிகின்றோம். சிலுவையிற் கள்வனொருவனுக்குப் பரதீசை வாக்களித்த ஆண்டவரின் ஊழியர், ஐந்து ஷில்லிங்குக்கு ஓர் உயிரை ஈடாக நிறுத்தனர். அவர் இரக்கமே அறியாதவர் அல்லர். உடைமைக்கு வரும் தீங்கை அஞ்சினர். அச்சம் நன்மக்களையும் எத்துணைக் கொடியவராக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ராமில்லி தளர்ந்திலர். 1811-இல், துணி வெளுக்கும் களங்களிற் களவு செய்தார்க்குரிய மரணதண்டனையை நீக்கினார். அவ்வணிகர்களே அங்ஙனம் நீக்குமாறு விண்ணப்பித்திருந்தனர். 1812-இல், அனுமதிச் சீட்டின்றிப் பிச்சையெடுத்துத் திரியும் போர்வீரரையும் மாலுமிகளையும் கொல்லும் பழஞ்சட்டத்தை ஒழித்தார். கடைக்களவு மசோதாவையோ 1811, 1813, 1816 ஆகிய ஆண்டுகளிலும் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது.

1818-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மக்கள் அவரைத் தம் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தனர். ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவருடைய அருமை மனைவியார் இறந்தார். அத்துயரைத் தாங்கமாட்டாது சித்தங் கலங்கிய அப்பெரியார் நவம்பர் 2-ஆம் நாள் தம் கையாலேயே உயிர் துறந்தார். அவர் விதைத்த வித்து அவருக்குப்பின் முளைத்தது. 1820-இல் மக்கின்டாஷ் என்பாரின் முயற்சியாற் கடைக்களவுச் சட்டம் தளர்ந்தது. 1832-இல் வீட்டுக்களவுக்கும் ஆட்டுக்களவுக்கும் உரிய மரணம் நீங்கிற்று.

கட்டைவிரற் சூடு மறைந்தது. அதன் எண்ணம் மறைந்திலது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் 1994-இல் ஒரு சட்டம் இயற்றியது. கொடிய குற்றம் இரண்டிற்கு முன்பு தண்டனையடைந்தவன் மூன்றாவதாகச் சிறு களவே செய்யினும், 25 ஆண்டுமுதல் ஆயுள்வரை சிறை என்பது அதன் விதி. மூன்று கால்ப் ஆட்டக் கோல்களைத் திருடிய ஒருவனுக்கு விதிக்கப்பட்ட அத்தண்டனையை 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2012-இல் மக்கள் வாக்களித்து அக்கடுமையைக் குறைத்தனர். மீண்டும் மீண்டும் தவறுவோன் நம் பொறுமையைச் சோதிப்பான் என்பது உண்மையே. ஆயினும் இம்முறை செய்த குற்றத்தின் அளவு யாது எனக் கேளாத சட்டம் நீதியாகாது. அவ்வினாவைத் தோல்விக்கு அஞ்சாது ஆண்டுதோறும் கேட்டு நின்றதே ராமில்லியின் பெருமை. கல்லூரி விடுத்து நீதிமன்றத்திற்கும் ஆட்சிமன்றத்திற்கும் செல்லவிருக்கும் நம்முள்ளும் அங்ஙனம் கேட்பார் தோன்றுவாராக.