இரு தரப்பும் கேட்ட அறிஞர்

இன்றைய ஸ்பெயினின் கொர்தோபா நகரில், நீதிபதிகளின் குடும்பத்தில் 1126ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு ருஷ்து. பாட்டனாரைப் போலவே அவரும் அந்நகரின் தலைமை நீதிபதியானார். மருத்துவ நூலும் இயற்றினார். எனினும், அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு வரைந்த உரைகளே அவர் பெயரை நிலைநிறுத்தின.

மெய்யியலாளரின் கொள்கைகள் பல சமயத்துக்கு மாறானவை என்று இமாம் கஸ்ஸாலி முன்னரே நூல் எழுதியிருந்தார். அதனை மறுக்கப் புகுந்த இப்னு ருஷ்து, கஸ்ஸாலியின் கூற்றுகளைப் பகுதி பகுதியாக எடுத்துக்காட்டிய பின்னரே விடை பகர்ந்தார். இரு தரப்பையும் கேட்கும் நீதிமன்றப் பழக்கம் எழுத்திலும் தொடர்ந்தது எனலாம். அவருடைய சட்ட நூலும் அறிஞர்களின் மாறுபட்ட கருத்துகளை அவற்றின் காரணங்களோடு முன்வைக்கிறது. பகுத்தறிவு காணும் உண்மையும் இறைமறை உணர்த்தும் உண்மையும் தம்முள் முரணா என்பது அவர் துணிபு.

எதிர்தரப்புக்கு அவர் அளித்த மதிப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1195இல் கலீபா அல்மன்சூர் அவரை லூசேனா என்னும் ஊருக்கு வெளியேற்றினார்; மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. அவருடைய உரைகளுள் சில எபிரேய, இலத்தீன் மொழிபெயர்ப்புகளாக மட்டுமே எஞ்சியுள்ளன. தண்டனை நீங்கிய பின், 1198இல் மராக்கேஷில் மறைந்தார். அவருடல் பின்னர்க் கொர்தோபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சுமை விலங்கின் ஒருபுறம் உடலும், எடை சமன்படும்படி மறுபுறம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததைத் தாம் கண்டதாக இப்னு அரபி பதிவுசெய்துள்ளார்.