மூடி உடைஞ்சாதான் நம்பிக்கை! சோடா மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் கதை

ராத்திரி பதினொரு மணி. வெளியூர் பஸ் ஸ்டாண்ட். செம தாகம். ஒரு தண்ணி பாட்டில் வாங்கி மூடியைத் திருகுறீங்க. வழக்கமா வர்ற அந்த 'க்ரக்' சத்தம் வரல. மூடி சும்மா வழுக்கிட்டு சுத்துது. அந்தத் தண்ணியைக் குடிப்பீங்களா?

எனக்கு இது ஒரு தடவை நடந்திருக்கு. லேபிள் பளபளன்னு இருந்தது. தண்ணியும் தெளிவாத்தான் இருந்தது. ஆனா அந்த ஒரு சத்தம் வராததால வேற எதையுமே நம்ப முடியல. திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாம வேற பாட்டிலை நீட்டினார். அவர் பேசாம இருந்ததுதான் இன்னும் பயமா இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. நாம வாங்குற எல்லாப் பொருளும் உடையாம இருக்கணும்னு நினைக்கிறோம். பாட்டில் மூடி மட்டும் திறக்கும்போது உடையணும், நெளியணும், இல்லைன்னா சந்தேகம் வந்துடும். இந்தப் பழக்கத்தை உலகத்துக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் வாழ்ந்த வில்லியம் பெயின்டர். சின்ன வயசுல நீங்க பொறுக்கி, தட்டி, ஓட்டை போட்டு, நூல் கோத்துச் சுத்தி விளையாடின சோடா மூடி இருக்கே... அது இவர் கண்டுபிடிச்சதுதான்!

கள்ள நாணயத்தில் இருந்து கள்ளச் சரக்கு வரை

பெயின்டர் 1838-ல் மேரிலாண்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். இளம் வயதிலேயே தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1865-ல் பால்டிமோருக்கு வந்து ஒரு இயந்திரப் பட்டறையில் மேற்பார்வையாளர் ஆனார். பகல் முழுக்க அடுத்தவர்களின் இயந்திரங்களைச் சரிசெய்தாலும், மண்டைக்குள் எப்போதும் சொந்த ஐடியாக்கள் ஓடிக்கொண்டே இருக்கும் ஆள்.

வாழ்நாளில் அவர் வாங்கிய காப்புரிமைகள் மொத்தம் 85. அதில் ஒன்று கள்ள நாணயத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. 'இது அசலா, போலியா?' என்ற கேள்வி, சோடா மூடிக்கு ரொம்ப முன்னாடியே அவரை விடாமல் துரத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய பாட்டில் எப்படி இருந்தது தெரியுமா?

நம்ம ஊர் கோலி சோடாவையே எடுத்துக்கோங்க. அதைக் கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அவரும் பெயின்டர் பிறந்த அதே 1838-ல் பிறந்தவர்தான். கழுத்துக்குள்ள ஒரு கோலி, ஒரு ரப்பர் வளையம். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி அடைத்துவிடும். அபாரமான மூளை! ஆனா ஒரு சிக்கல். கோலியை உள்ளே தள்ளிக் குடித்த பிறகு, அதே பாட்டிலில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரப்பி மறுபடி அடைக்கலாம். முதல் தடவையா, ஐம்பதாவது தடவையா என்று கோலி சொல்லாது.

அமெரிக்காவில் அப்போது பிரபலமாக இருந்தது 1879-ல் வந்த ஹட்சின்சன் அடைப்பான். ஒரு கம்பி வளையமும் ரப்பரும்தான். திறக்க வேண்டும் என்றால் கம்பியை உள்ளே தட்ட வேண்டும். மேலே படிந்திருக்கும் தூசி, அழுக்கு எல்லாம் சேர்ந்து குளிர்பானத்துக்குள் போகும். கழுவுவதும் கஷ்டம்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. கம்பெனிகள் தங்கள் பெயரைக் கண்ணாடியிலேயே புடைப்பாக அச்சிட்டன. ஆனால் காலி பாட்டில் இன்னொருத்தர் கைக்குப் போனால்? பெயர் உங்களோடது, உள்ளே இருக்கும் சரக்கு அவரோடது! பாட்டிலில் பெயர் இருக்கலாம். அந்தப் பெயருக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

24 பல், ஒரு தக்கை

பெயின்டர் முதலில் செய்தது, 1885-ல் ஒரு ரப்பர் அடைப்பான். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது. நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. இன்னும் மலிவாக, இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று மறுபடி பட்டறைக்குள் புகுந்தார்.

1892 பிப்ரவரியில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு மெல்லிய தகரத் தட்டு. ஓரம் முழுக்க 24 பல். உள்ளே ஒரு மெல்லிய கார்க் தக்கை. பாட்டில் வாயில் வைத்து இயந்திரத்தால் அழுத்தினால், பற்கள் விளிம்புக்குக் கீழே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். தக்கை நசுங்கி வாயுவை அடைத்துவிடும். தலைகீழாகப் பார்த்தால் கிரீடம் மாதிரி இருந்ததால் பெயரும் 'கிரவுன் கார்க்'. அதே 1892-ல் 'கிரவுன் கார்க் அண்ட் சீல்' கம்பெனியும் பால்டிமோரில் பிறந்தது.

இதில் என்ன விசேஷம்? நெம்பினால்தான் திறக்கும். நெம்பினால் தகரம் நெளியும். நெளிந்த மூடியை வெறும் கையால் பழையபடி மாட்ட முடியாது. அதாவது, மூடி நேராக இருந்தால் உங்களுக்கு முன்னாடி அதை யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் சாட்சி அது! போகப் போக மூடியின் தலையிலேயே கம்பெனி பெயரையும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பெயரும் முத்திரையும் ஒரே இடத்தில் சேர்ந்தன. திறந்த அந்த நொடியே இரண்டும் சேர்ந்து செத்துவிடும். அடுத்த ஆள் அதைத் திருட முடியாது.

அவ்வளவு ஈஸியா ஜெயிச்சிடல!

நல்ல ஐடியா கிடைச்சதும் உலகம் ஓடி வந்து வாங்கிடும்னு நினைக்கிறீங்களா? இல்லை. மூடி மாறினால் பாட்டிலின் வாயும் மாற வேண்டும். அன்றைக்குப் பாட்டில்கள் கையால் செய்யப்பட்டவை. ஒன்றின் கழுத்து மாதிரி இன்னொன்று இருக்காது. சோடா கம்பெனிகள் கையில் இருந்த பழைய பாட்டில்களையும் இயந்திரங்களையும் கழித்துக்கட்ட வேண்டும். யார் செலவு செய்வார்கள்?

பெயின்டர் ஒவ்வொரு சாக்கையும் ஒவ்வொன்றாக உடைத்தார். திறப்பது கஷ்டம் என்றார்களா? 1894-ல் ஓப்பனருக்கும் காப்புரிமை வாங்கினார். மூடி போடுவது கஷ்டம் என்றார்களா? காலால் மிதித்து இயக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். தாங்காது என்றார்களா? ஒரு பீர் கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, கிரவுன் மூடி போட்ட பாட்டில்களைக் கப்பலில் தென் அமெரிக்காவுக்கு அனுப்பித் திரும்ப வரவழைத்தார், ஒரு பாட்டிலும் ஒழுகவில்லை என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. பிறகு மைக்கேல் ஓவன்ஸ் கண்டுபிடித்த தானியங்கிப் பாட்டில் இயந்திரம் வந்து எல்லாக் கழுத்தையும் ஒரே அளவாக்கியதும், கிரவுனை நிறுத்த ஆளில்லை.

பெயின்டரிடம் சேல்ஸ்மேனாக வேலை பார்த்த ஒருவருக்கு அவர் கொடுத்த அட்வைஸ் ரொம்பப் பிரபலம். மக்கள் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வாங்க வரும்படி ஏதாவது கண்டுபிடி என்றாராம். அந்த சேல்ஸ்மேன் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். ஆமா, உங்க பாத்ரூம்ல இருக்கிற அதே ஜில்லெட்தான்!

அந்த அட்வைஸுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைக்குக் கடற்கரையில் காலில் குத்தும் மூடிகளும், சாக்கடையை அடைக்கும் பாட்டில்களும் அதே 'தூக்கிப் போடு' யோசனையின் பேரப் பிள்ளைகள். நம்பிக்கையையும் குப்பையையும் ஒரே கையால்தான் நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

பதினைந்து நாள்

1906 ஜூன் 30-ல் அமெரிக்காவில் ஒரு முக்கியமான சட்டம் கையெழுத்தானது. உணவிலும் மருந்திலும் கலப்படம் செய்தாலோ, லேபிளில் பொய் சொன்னாலோ குற்றம் என்றது அது. உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அந்த நாடு முழுமைக்குமான சட்டமாக எழுதியது. சரியாக 15 நாள் கழித்து, ஜூலை 15-ல் பெயின்டர் பால்டிமோரில் காலமானார். சட்டம் சொல்ல வந்ததை அவருடைய மூடி பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் ஆரம்பித்த கம்பெனி இன்றும் இருக்கிறது. 24 பல் 21 ஆகிவிட்டது. கார்க் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. தண்ணி பாட்டிலில் தகர மூடியே இல்லை. ஆனாலும் திருகும்போது மூடியில் இருந்து பிரிந்து, பாட்டில் கழுத்திலேயே தங்கும் அந்தச் சின்ன வளையம் இருக்கிறதே, அது செய்வதும் அதே வேலைதான். 'க்ரக்' என்பது நடுவில் இருக்கும் மெல்லிய இணைப்புகள் அறுபடும் சத்தம்.

அதனால, அடுத்த தடவை பாட்டில் வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. வளையம் மூடியோட சேர்ந்து இருக்கா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் தயாரிப்புத் தேதியும் தெளிவா இருக்கா? திருகும்போது சத்தம் வந்ததா? ஒண்ணு தப்பினாலும் கூச்சப்படாம திருப்பிக் கொடுங்க. குடிச்சு முடிச்சதும் பாட்டிலை நசுக்கிட்டு குப்பைத் தொட்டியில போடுங்க. அதுல யாரோ எதையோ நிரப்பி, இன்னொரு பஸ் ஸ்டாண்ட்ல, தாகத்தோட நிக்கிற இன்னொருத்தர் கையில கொடுக்காம இருக்கட்டும்.