தென்னவன் பிரமராயர்

மதுரை மாநகருக்கு அணித்தாக, மேலூரை அடுத்து விளங்குவது திருவாதவூர். அவ்வூரில் அமாத்தியர் குலத்திலே அவதரித்த பெருந்தகையே மணிவாசகர் எனச் சைவ உலகம் போற்றும் திருவாதவூரடிகள். அவர் காலம் 9-ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. தேவார மூவர்க்கும் முற்பட்டவர் என்பாரும் உளர். அவர்தம் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் 58 முதல் 61 வரையுள்ள படலங்களில் விரித்துரைக்கின்றது.

இளமையிலேயே கலைகள் பலவும் கற்றுத் தேர்ந்த வாதவூரரை அரிமர்த்தன பாண்டியன் தன் அமைச்சராக்கித் தென்னவன் பிரமராயர் என்னும் பட்டமும் நல்கினான். கண்ணும் கவசமுமாக அவரைக் கொண்டான். ஆகவேதான், குதிரைப் படை குறைந்தபோது, கருவூலத்தைத் திறந்து பெரும்பொருளை அவர் கையில் ஒப்புவித்துக் கீழைக் கடற்கரைக்கு அனுப்பினான்.

வழியிலே திருப்பெருந்துறை. குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளியிருந்த இறைவன் அவரை ஆட்கொண்டான். குதிரைக்கென வந்த பொன் ஆலயத் திருப்பணிக்கும் அடியார்க்கும் ஆயிற்று.

அரசன் உடனே சினந்தானல்லன். முதலில் ஓலை ஒன்றே விடுத்தான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேரும் என்று விடை வந்ததும் மகிழ்ந்தான். மதுரை மீண்ட அமைச்சரை அன்போடு வரவேற்றான். எனினும், பொருள் சென்ற வழி மெல்ல மெல்ல அவன் செவிக்கு எட்டியது. நேற்றுவரை ஐயமறியாத நெஞ்சில் ஐயம் குடிபுகுந்தது. குடிகளின் வரிப்பொருளுக்குக் கணக்குக் கேட்பது அரசனது கடமையன்றோ? அவன் கேட்டது பிழையன்று. அடிகளோ, தம் செயல் அனைத்தும் தம்மை ஆட்கொண்டவன் செயலே எனத் துணிந்து நின்றார். ஒரு பொருளுக்கு இருவர் உரியவராயினர். இடையில் நின்றவர் அடிகள் ஒருவரே.

அன்பு கண்டிப்பாயிற்று, கண்டிப்புச் சிறையாயிற்று. குறித்த நாளில் நரிகள் பரிகளாகி வந்தன. அரசன் வெட்கி, முன்னினும் பெருமதிப்புச் செய்தான். அன்றிரவே பரிகள் நரிகளாகி ஊளையிட்டோட, எஞ்சிய நம்பிக்கையும் அவற்றோடு ஓடிற்று. வையையின் சுடுமணலில் அடிகள் நிறுத்தப்பட்டார்.

வையை பெருகியது. கரையடைக்க வீட்டுக்கு ஓராள் என ஆணை பிறந்தது. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சோமசுந்தரப் பெருமானே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொண்டு மண் சுமந்தான். வேலை செய்யாமைக்காக அவன் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் எவ்வுயிரிலும் பட்டது. அப்போதே பாண்டியன் உண்மை உணர்ந்தான். அடிகளைப் பணிந்து அமைச்சுரிமையைத் திரும்ப ஏற்க வேண்டினான். அடிகள் அதனை ஏற்றிலர். மன்னன்பால் மனக்கசப்பும் கொண்டிலர். விடைபெற்றுப் பெருந்துறை சென்று, தலங்கள் பல வணங்கி, தில்லையில் ஆனி மகத்தன்று இறைவனோடு இரண்டறக் கலந்தார்.

அரசன் இழந்தது ஓர் அமைச்சரை. தமிழுலகம் பெற்றது 51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தை. ஆவுடையார்கோயில் எனப்படும் பெருந்துறையில் ஆன்மநாதர் இன்றும் அருவமாகவே விளங்குகின்றார். அங்கே ஆவுடையார் மட்டுமே உண்டு. மதுரையில் ஆவணி மூலத் திருநாளில் பிட்டுத் திருவிழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. ஆலயத்திற்கு ஈயும் அன்பர் யாவரும் அடிகளின் உறுதியும், பாண்டியன் கேட்ட கணக்கின் நேர்மையும், வந்தியின் உதிர்ந்த பிட்டும் ஒருங்கே நினைவிற்கொண்டு இறைவன் திருவருள் பெறுவாராக.