அயோத்திதாசப் பண்டிதரும் ஒரு பைசாத் தமிழனும்

அறிவைப் பரப்பும் இதழ் ஏழையும் வாங்கிப் படிக்கும் விலையில் இருத்தல் வேண்டும். எழுதுவோரிடம் பணம் கேட்டலும் ஆகாது. அங்ஙனமாயின் அச்சுக்கூலியை யார் தருவது? உலகெங்கும் ஆய்விதழ் நடத்துவோரை இன்றும் வாட்டும் வினா இது. வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றில், தம் கட்டுரையை யாவரும் விலையின்றிப் படிக்க விரும்பும் ஆசிரியரே இலட்சக்கணக்கான ரூபாய் செலுத்த நேர்கின்றது. நம் இராஜா அண்ணாமலைபுரத்திற்கு அண்மையிலுள்ள இராயப்பேட்டையில், 1907ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எதிர்கொண்டு நின்றவர் க. அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஓர் ஆசிரியருக்கு இதனினும் பெரிய காணிக்கை உண்டோ என்று நாம் வியப்பதுண்டு. அவர்தம் பாட்டனார் கந்தப்பன், தம்மிடமிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குச் சேர வழிசெய்தவர் என்பது பண்டிதரே எழுதிவைத்த செய்தி. ஏடு காத்த குடும்பம் அது!

சித்த மருத்துவராய் வாழ்ந்த பண்டிதர், 1898இல் அடையாற்றின் அக்கரையிலிருந்த பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார்.

1907 ஜூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கே பக்கம், விலை பெயரிலேயே உள்ளது. அக்காலத்து ரூபாய்க்கு 64 பைசா. இளைஞர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஆண்டின் 52 இதழ்களுக்கும் 13 அணாவே ஆயிற்று. மறு ஆண்டில் இதழ் 'தமிழன்' எனப் பெயர் மாறியது.

மலிவான இதழ்தானே என்று எளிதாய் எண்ணிவிடலாகாது. வரலாறு, இலக்கணம், பௌத்த சமயம், மருத்துவம் ஆகியன அதில் ஆராயப்பெற்றன. வாசகர் விடுத்த ஐயங்களுக்குப் பண்டிதர் விடையளித்தார். 'இந்திரர் தேச சரித்திரம்' அதில்தான் தொடராக வந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோர் பண்டைப் பௌத்தரே என்பது அவர் கொள்கை. அதனைச் சான்று காட்டி நிறுவ அவர்க்கு வேறு மேடை ஏது?

பல்கலைக்கழகப் பொருளுதவியின்றி இதழ் ஏறத்தாழ ஏழாண்டுகள் நடந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் செய்த நம் மக்களும், கடல் கடந்து இரங்கூன் முதலிய இடங்களில் உழைத்தோரும் அதனைத் தாங்கினர். நாட்கூலி பெறுவோர் ஓர் ஆராய்ச்சி இதழைப் பேணினர் என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை என்பது நம் கருத்து.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தியபின் இதழ் நின்றது. 1926இல் தங்கவயல் அன்பர்கள் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதனை மீண்டும் எழுப்பினர். மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களை வீட்டில் வைத்துக் காத்தனர். ஞான அலாய்சியஸ் அவ்வெழுத்துகளைத் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் அவை பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.